கேபினெட்டுக்குள் காற்று போகும் வழி

கம்ப்யூட்டர் சூடாகிறது என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் இன்னொரு ஃபேன் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சில நேரம் சூடு குறைகிறது. சில நேரம் சத்தம் மட்டும் கூடுகிறது. போட்ட ஃபேனாலேயே முன்பைவிடச் சூடு ஏறிவிடுவதும் உண்டு. திரையில் தெரியும் எண், பிராசஸர் 88 டிகிரியில் இருக்கிறது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதற்கான விடை பல நேரம் காற்று போகும் வழியில் இருக்கிறது. அந்த வழியைக் கண்ணால் பார்க்கத் தையல் நூல், டிஷ்யூ பேப்பர், அட்டைப்பெட்டி, ஊதுவத்தி, மீன் தொட்டிக்கு வைக்கும் சின்ன ஏர் பம்ப் ஆகியவை போதும். புது ஃபேனுக்குக் காசு கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குவது நல்லது.

தொடங்கும் முன் ஒரு விதி. ஓடுகிற கம்ப்யூட்டருக்குள் நூல் மட்டும்தான். புகை, அட்டையில் செய்த மாதிரிப் பெட்டிக்குள் மட்டும்தான். ஊதுவத்திப் புகையில் பிசுபிசுப்பான தார் இருக்கிறது. அது ஹீட் சிங்கின் தகடுகளிலும் ஃபேன் இறக்கைகளிலும் படிந்தால், பிறகு வரும் தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். மேடை நிகழ்ச்சிகளுக்கு வைக்கும் புகை இயந்திரத்தில் கிளிசரின், கிளைக்கால் போன்ற திரவங்கள் ஆவியாகி வருவதால் அதுவும் ஒரு படலத்தை விட்டுச்செல்லும். ஹியூமிடிஃபையரின் பனி பார்க்கச் சுத்தமாகத் தெரிந்தாலும் அது தண்ணீர்த் துளிதான். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பும் கூடவே வரும். மின்சாரம் ஓடும் மதர்போர்டின் மேல் அதை விடவே கூடாது.

முதலில் வெளியே

டிஷ்யூ பேப்பர் பெரும்பாலும் இரண்டு அடுக்காக இருக்கும். அதைப் பிரித்து ஒற்றை அடுக்காக்கி, விரல் அகலத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமாகக் கிழித்து, ஒரு நுனியைத் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியில் ஒட்டினால் முதல் கருவி தயார். கம்ப்யூட்டரை ஒரு கேம் அல்லது வீடியோ ரெண்டரிங் போன்ற கனமான வேலையில் கால்மணி நேரம் ஓடவிட்டு, பக்கவாட்டுக் கதவு மூடியிருக்கும்போதே, கேபினெட்டில் இருக்கும் ஒவ்வொரு துளைக்கும் இடுக்குக்கும் முன்னால் இந்தத் தாளைப் பிடிக்க வேண்டும். காற்று உள்ளே போகிற இடத்தில் தாள் துளையோடு போய் ஒட்டிக்கொள்ளும். வெளியேறுகிற இடத்தில் விலகிப் பறக்கும். கேபினெட்டின் படம் ஒன்றைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் அம்புக்குறி போட்டுக்கொண்டே வர வேண்டும்.

இந்த எளிய சோதனையிலேயே பாதிக் கோளாறுகள் பிடிபட்டுவிடும். திருப்பி மாட்டிய ஃபேன் உடனே தெரிந்துவிடும் (ஃபேனின் சட்டத்தில் குறுக்குக் கைகள் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியே வரும், சிலவற்றில் ஓரத்தில் அம்புக்குறியும் அச்சாகியிருக்கும்). முன்பக்கம் முழுக் கண்ணாடியாக இருக்கும் கேபினெட்டில், ஃபேன்கள் காற்றை ஓரத்து இடுக்கிலிருந்து திணறித் திணறி இழுப்பதும் தெரியும்.

பலர் கவனிக்காத இடம் பின்பக்கம்தான். கிராஃபிக்ஸ் கார்டு செருகும் இடத்துக்கு மேலும் கீழும் துளையிட்ட தகடுகள் இருக்கும். உள்ளே தள்ளும் ஃபேன்களைவிட வெளியே தள்ளும் ஃபேன்கள் பலமாக இருந்தால், பெட்டிக்குள் அழுத்தம் குறைந்து, இந்தத் துளைகள் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். பின்பக்கத்தில் இருக்கும் காற்று எப்படிப்பட்டது? சற்று முன் எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளிய சூடான காற்று. மேஜைக்கு அடியில், மூன்று பக்கமும் பலகை அடைத்த அறையில் கேபினெட்டை வைத்திருந்தால் அந்தச் சூடு சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். எத்தனை ஃபேன் போட்டாலும் அது தீராது.

நூல் காட்டும் திசை

கிளைடர் விமானங்களின் முன்கண்ணாடிக்கு வெளியே, நடுவில், ஒரு சின்ன நூல் ஒட்டியிருப்பார்கள். விமானம் நேராகப் போனால் நூல் நேராக நிற்கும். பக்கவாட்டில் சறுக்கினால் நூலும் சாயும். எத்தனையோ மின்னணுக் கருவிகள் வந்த பிறகும் கிளைடர் ஓட்டுபவர்கள் அந்த நூலைக் கைவிடவில்லை. நாசா 1980களின் இறுதியிலும் 1990களிலும் பறக்கவிட்ட எஃப்-18 ஆராய்ச்சி விமானத்தின் மேல்பரப்பிலும் வரிசை வரிசையாக நூல் துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. காற்று எந்த இடத்தில் பரப்பைவிட்டுப் பிரிகிறது என்பதை அவை காட்டின.

கேபினெட்டுக்கும் அதே வித்தைதான். பருத்தித் தையல் நூல் ஒற்றை இழை, நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக. பாலியஸ்டர் நூல் வேண்டாம். அது நிலைமின்சாரம் ஏறி அக்ரிலிக்கில் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். ரீலிலிருந்து வெட்டிய நூலில் முறுக்கு இருக்கும் என்பதால், ஈரமான விரல்களுக்கு இடையே ஒருமுறை இழுத்துக் காயவிட்டால் நேராகும். கறுப்புக் கேபினெட்டுக்குள் வெள்ளை நூல் நன்றாகத் தெரியும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் யூ.வி. டார்ச் கிடைத்தால் இன்னும் நல்லது: பளிச்சென்று வெளுத்த நூல்கள் பல அந்த ஒளியில் நீலமாக மின்னும், அறையை இருட்டாக்கிவிட்டால் நூல்கள் மட்டும் தனியே தெரியும்.

ஒட்டும் முன் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் உருவிவிட வேண்டும். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்வது, உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் மதர்போர்டில் இறங்காமல் காக்கும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பிளக்கை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

நூலின் ஒரு நுனியை மாஸ்கிங் டேப்பின் சின்னத் துண்டால் ஒட்டலாம். நடுவெளியில் காற்றைப் பார்க்க, நூலை ஈர்க்குச்சியின் முனையில் கட்டி, குச்சியின் அடியைக் கேபினெட்டின் சட்டத்தில் டேப் போட்டு நிறுத்தலாம். கம்பி கூடாது, விழுந்தால் ஷார்ட் ஆகும். எந்த ஃபேனிலிருந்தும் நூலின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு தூரமாவது விலகியிருக்க வேண்டும். ஒரு நூல் கிராஃபிக்ஸ் கார்டின் ஃபேனுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டால் அந்த ஃபேன் நின்றுவிடும். எத்தனை நூல் ஒட்டப்பட்டது என்று எழுதி வைத்துக்கொள்வதும் அவசியம்.

கதவைத் திறந்து வைத்துப் பார்த்தால் எல்லாம் தவறாகிவிடும். பக்கவாட்டுக் கதவு என்பது காற்றுக் குழாயின் ஒரு சுவர். அதை எடுத்துவிட்டால் காற்று வேறு வழியில் ஓடும். கண்ணாடிக் கதவு உள்ள கேபினெட் என்றால் கவலையில்லை. தகடு என்றால், அதே அளவில் 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டை வெட்டி வாங்கலாம், இல்லையென்றால் ஓ.எச்.பி. ஷீட்டுகளைச் சேர்த்து ஒட்டி, சுற்றிலும் மாஸ்கிங் டேப்பால் இடுக்கில்லாமல் மூடலாம். அக்ரிலிக்கை உலர்ந்த துணியால் தேய்த்தால் நூல்களையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்ட பிறகே மாட்ட வேண்டும்.

இப்போது நூல்கள் பேசத் தொடங்கும். நேராக விறைத்து நிற்கும் நூல் சீரான ஓட்டத்தைக் காட்டுகிறது. படபடவென்று அடித்துக்கொள்வது கலங்கிய காற்று. தொங்கிக் கிடப்பது தேங்கிய மூலை. வட்டமாகச் சுற்றுவது சுழல். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஃபேன் தள்ளும் திசைக்கு எதிராகத் திரும்பி நிற்கும் நூல்: அங்கே ஒருமுறை சூடான காற்று மறுபடி திரும்பி வருகிறது. கிராஃபிக்ஸ் கார்டுக்கும் கதவுக்கும் இடையே இருக்கும் குறுகிய இடத்தில் இது நன்றாகத் தெரியும். இரண்டு, மூன்று ஃபேன்களோடு வரும் கார்டுகளில் பெரும்பாலானவை தங்கள் சூட்டை கேபினெட்டுக்குள்ளேதான் கொட்டுகின்றன. அது கார்டின் ஓரம் வழியே வெளியே வந்து, கீழே வளைந்து, தன் ஃபேனுக்கே திரும்பிப் போவதை ஓரத்து நூல்கள் காட்டிக்கொடுக்கும். செல்போனின் ஸ்லோ மோஷனில் பதிவு செய்து பார்த்தால் துடிப்பின் திசை தெளிவாகும்.

புகைக்கு ஒரு பெட்டி

நூல் ஒரு புள்ளியில் திசையைச் சொல்லும். முழு வழியையும் ஒரே பார்வையில் காட்டப் புகை வேண்டும். இதில் முன்னோடி பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியென்-ஜூல் மாரே. பறவைகள், குதிரைகள், மனிதர்களின் அசைவுகளை அடுத்தடுத்த படங்களாகப் பிடித்துப் புகழ்பெற்றவர். 1904இல் இறப்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் பாரிஸில் புகை இயந்திரங்கள் கட்டினார். கண்ணாடி முகப்புள்ள பெட்டி, பின்னால் கறுப்பு வெல்வெட், காற்றைச் சீராக்க மெல்லிய வலைத்துணி, சீப்புப் பற்கள்போல் அடுக்கிய குழாய்களிலிருந்து இறங்கும் புகை இழைகள். நடுவில் ஒரு தடையை வைத்து மக்னீசிய ஒளியில் படம் எடுத்தார். குழாய்களை நொடிக்குப் பத்து முறை அதிரவைத்து, புகையில் விழும் அலைகளைக் கொண்டு காற்றின் வேகத்தையும் அளந்தார். வீட்டில் செய்ய வேண்டிய ஏறக்குறைய எல்லாமே அந்த வடிவமைப்பில் இருக்கிறது.

பெட்டிக்கு, கேபினெட்டின் உள்ளளவை டேப் வைத்து அளந்து அதே அளவில் கெட்டி அட்டையை வெட்ட வேண்டும். சுருக்கவோ பெருக்கவோ வேண்டாம். அதே ஃபேன்களைப் பயன்படுத்தப் போவதால் அளவும் அதுவாகவே இருக்கட்டும். உள்ளே முழுவதும் பளபளப்பில்லாத கறுப்பு சார்ட் தாள் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் அக்ரிலிக். கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பதில் அதே அளவு அட்டைப்பெட்டி, அடியில் இரண்டு சின்ன ஃபேன்களோடு. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஒரு வெற்றுப் பெட்டி. பிராசஸரின் ஹீட் சிங்கைச் செய்வதுதான் ரசமான வேலை: பார்சல் பெட்டியின் நெளி அட்டையைச் சதுரங்களாக வெட்டி, நெளிவின் சின்னச் சின்னக் குழாய்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும்படி அடுக்கி ஒட்டினால், உண்மையான தகடுகளைப்போலவே காற்றைத் தடுத்தும் வழிவிட்டும் நடந்துகொள்ளும்.

ஃபேன்களுக்கு ரௌட்டரின் 12 வோல்ட் அடாப்டர் போதும். சாதாரண 120 மி.மீ. ஃபேன் ஒன்று 0.1 முதல் 0.3 ஆம்பியர் வரை எடுக்கும் என்பதால், ஒரு ஆம்பியர் அடாப்டரில் மூன்று ஃபேன்கள் ஓடும். மூன்று கம்பி ஃபேனில் வழக்கமாகக் கறுப்பு கழித்தல், சிவப்பு 12 வோல்ட். நான்கு கம்பி ஃபேன்கள் பலவற்றில் மஞ்சள்தான் 12 வோல்ட். எல்லாக் கம்பியும் கறுப்பாக இருந்தால், கனெக்டரின் மேடுகள் உள்ள பக்கத்தின் ஓரத்தில் இருப்பது கழித்தல், அதற்கடுத்தது 12 வோல்ட்.

புகைக்கு மூடியுள்ள பால்பவுடர் டின் ஒன்று. உள்ளே மணல் பரப்பி, இரண்டு மூன்று ஊதுவத்திகளை ஒடித்து நட்டுப் பற்றவைக்க வேண்டும். மூடியில் இரண்டு துளைகள். ஒன்றில் மீன் தொட்டி ஏர் பம்பின் குழாய் காற்றைத் தள்ளும். மற்றொன்றிலிருந்து ஒரு மீட்டர் நீள சிலிக்கான் குழாய் புகையை எடுத்துப் போகும். இந்த நீளம் வீணல்ல. ஊதுவத்தியை நேரே பெட்டிக்குள் பிடித்தால் புகை தன் சூட்டினாலேயே மேலே கிளம்பி, இல்லாத காற்றோட்டத்தைக் காட்டும். நீளக் குழாயில் வரும்போது ஆறிவிடும். தாரில் ஒரு பங்கும் குழாயிலேயே படியும். குழாயின் முனையில் ஜூஸ் பாக்கெட் ஸ்ட்ராக்கள் ஐந்தாறைச் சீப்புபோல வரிசையாக ஒட்டி, முன்பக்க ஃபேனுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினால் மாரேயின் இயந்திரத்துக்கு ஒரு ஏழைத் தம்பி கிடைத்துவிடுவான். டின் சூடாகும், அதைத் தரை ஓட்டின் மேல் வைத்து, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் வைத்திருக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆனால் அறையின் சீலிங் ஃபேன் நிற்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

ஒளியை முன்னாலிருந்து பாய்ச்சினால் புகை மங்கலாகத்தான் தெரியும். புகைத் துகள்கள் ஒளியை அதிகமாக முன்னோக்கியே சிதறடிக்கும். எனவே டார்ச், பார்ப்பவருக்கு எதிர்ப்புறத்திலிருந்து சாய்வாக வர வேண்டும். பெட்டியின் மேல்பலகையில் பின்சுவரை ஒட்டி 3 மி.மீ. அகலத்துக்கு நீளமாக ஒரு பிளவு வெட்டி, அதன் மேல் எல்.இ.டி. டார்ச்சைச் சற்று முன்னோக்கிச் சாய்த்து வைத்தால், பெட்டிக்குள் ஒரு மெல்லிய ஒளித்தகடு இறங்கும். அந்தத் தளத்தில் இருக்கும் புகை மட்டும் ஒளிரும். கடையில் கிடைக்கும் லேசர் பாயின்டரைக் கண்ணாடிக் குச்சி வழியே விரித்தும் இதைச் செய்யலாம் என்றாலும், அக்ரிலிக்கில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணுக்கு ஆபத்து. டார்ச்சே போதும்.

முழு வேகத்தில் ஓடும் ஃபேன் காற்றை நொடிக்கு மூன்று மீட்டர் அளவில் தள்ளும். புகை இழை உடனே சிதறிவிடும். ஃபேனை யூ.எஸ்.பி.யின் 5 வோல்ட்டில் ஓட்டினால் வேகம் பாதிக்கும் கீழே இறங்கி, இழைகள் பார்க்கும்படி நிற்கும். சில ஃபேன்கள் 5 வோல்ட்டில் தாமாகக் கிளம்பாது. விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டால் சில ஓடும்.

புகை காட்டுவது

முதலில் கண்ணைக் கவர்வது ஃபேனின் நடுக்குமிழுக்குப் பின்னால் இருக்கும் வெறுமை. காற்று ஒரு தூணாக நேரே வருவதில்லை. இறக்கைகள் சுற்றும் திசையிலேயே முறுக்கிக்கொண்டு, நடுவில் குழிவிட்டு வருகிறது. ஃபேனுக்கு வெகு அருகில் ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தினால் அதன் நடுப்பகுதிக்குக் காற்று குறைவாகவே கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது, மேல்பக்க ஃபேனின் கதை. முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே தள்ள, பின்னால் ஒன்று வெளியே இழுக்கிறது. மேலே இரண்டு இடங்கள் காலியாக இருக்கின்றன. இது மிகச் சாதாரணமான அமைப்பு. மேலே, முன்பக்கத்தை ஒட்டிய இடத்தில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிப் புகை விட்டால், முன்பக்கத்து மேல் ஃபேனின் புகை இழைகள் உள்ளே சற்று வந்ததும் அப்படியே மேலே வளைந்து வெளியேறுவது தெரியும். பிராசஸரைத் தொடாமலே புதுக் காற்று போய்விடுகிறது. அதே ஃபேனைப் பின்பக்கத்தை ஒட்டிய இடத்துக்கு மாற்றினால், இழைகள் ஹீட் சிங்கைத் தாண்டிய பிறகே மேலே திரும்பும். ஃபேன் ஒன்றுதான், செலவும் ஒன்றுதான்.

சூடான காற்று மேலே போகும், ஆகவே மேலே ஃபேன் போட வேண்டும் என்ற பேச்சை இங்கே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 45 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில், உள்காற்று வெளிக்காற்றைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், அந்தச் சூடு தரும் மேல்நோக்கிய உந்துதல் சுமார் 0.17 பாஸ்கல். நாக்டுவா நிறுவனத்தின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 என்ற 120 மி.மீ. ஃபேன் தரக்கூடிய அதிகபட்ச அழுத்தம் 2.34 மி.மீ. நீர்மட்டம், அதாவது ஏறத்தாழ 23 பாஸ்கல். நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத உந்துதலை ஃபேன் எந்தத் திசையிலும் திருப்பிவிடும். சூடே இல்லாத அட்டைப் பெட்டியில் பார்ப்பது உண்மையான கேபினெட்டுக்குப் பொருந்துவதற்கும் இதுவே காரணம். ஃபேனே இல்லாத கேபினெட்டுக்கு மட்டும் இந்த மாதிரிப் பெட்டி பொருந்தாது. அங்கே சூட்டின் உந்துதல்தான் எல்லாமே.

சில்வர்ஸ்டோன் நிறுவனம் தன் எஃப்டி02 கேபினெட்டில் மதர்போர்டை 90 டிகிரி திருப்பி, அடியில் மூன்று 180 மி.மீ. ஃபேன்களை வைத்தது. அது நன்றாகக் குளிர்ந்ததற்குச் சூடு மேலே போனது பெரிய காரணமாக இருக்க முடியாது. கீழிருந்து மேல்வரை வளைவில்லாத, குறுகிய வழி இருந்ததே காரணம் என்று கொள்வதுதான் கணக்கோடு ஒத்துப்போகிறது.

வழியைச் செப்பனிட

பார்த்ததைத் திருத்தும் வேலையை அட்டையிலேயே தொடங்கலாம். பெட்டியின் தேவையற்ற துளைகளை டேப் போட்டு மூடி மறுபடி புகை விட்டால் இழைகள் எவ்வளவு மாறுகின்றன என்பது உடனே தெரியும். சார்ட் தாளை வளைத்து, முன்பக்க ஃபேனிலிருந்து ஹீட் சிங்குக்கு ஒரு கால்வாய் போடலாம். பெரிய நிறுவனங்களும் இதையே செய்திருக்கின்றன. ஆப்பிள் 2003இல் கொண்டுவந்த பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டரின் உட்புறம் நான்கு தனித்தனிக் காற்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒன்பது ஃபேன்கள் பங்கிட்டுக்கொண்டன. பக்கக் கதவுக்கு உள்ளே தெளிவான பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று காற்றை வழிநடத்தியது. அதை எடுத்துவிட்டு ஓட்டினால் ஃபேன்கள் அலறத் தொடங்கும். 2004இல் இன்டெல் கொண்டுவந்த பிடிஎக்ஸ் அமைப்பு, பிராசஸரை முன்பக்கக் காற்றுக்கு நேரே நிறுத்தி ஒரு கூண்டுக்குள் காற்றை ஓடவிட்டது. பிராசஸர்களின் மின்செலவு குறைந்த பிறகு 2006இல் இன்டெல்லே அதைக் கைவிட்டது. காற்றுக்கு நேர்வழி கொடுக்கும் யோசனை மட்டும் வீணானதல்ல.

அட்டையில் தேறியதைக் கேபினெட்டில் செய்யும்போது, தாளுக்குப் பதில் ஓ.எச்.பி. ஷீட்டைப் பயன்படுத்துவது நல்லது. பளபளக்கும் அலுமினியத் தாளைக் கொண்டு எதையும் செய்யக் கூடாது. அது மின்சாரத்தைக் கடத்தும்.

எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதையும் அளந்துவிடலாம். 60க்கு 80 சென்டிமீட்டர் குப்பைப் பை உப்பினால் சுமார் 60 லிட்டர் கொள்ளும். அதைத் தட்டையாக மடித்து, வாயைப் பின்பக்க ஃபேனோடு சேர்த்துப் பிடித்து, உப்பி முடிய எத்தனை நொடி என்று செல்போனில் பார்க்க வேண்டும். மூன்று நொடி என்றால் நொடிக்கு 20 லிட்டர், மணிக்கு 72 கன மீட்டர். கம்ப்யூட்டர் எடுக்கும் வாட்டை மூன்றால் பெருக்கி இந்தக் கன மீட்டர் எண்ணால் வகுத்தால், காற்று எத்தனை டிகிரி சூடாகி வெளியேறும் என்பது ஏறத்தாழ வந்துவிடும். 300 வாட்டுக்கு 12.5 டிகிரி. அறை 35 டிகிரி இருக்கும் மே மாதத்தில், பின்னால் வரும் காற்று 47 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கும் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரும் சேர்ந்தால் பழி யார் மேல் என்பது தெரியும். வெளியேறும் காற்று அறையைவிட ஐந்தாறு டிகிரிதான் கூடுதல், ஆனாலும் பிராசஸர் 95 டிகிரியைத் தொடுகிறது என்றால் கேபினெட்டின் காற்றோட்டத்தில் பெரிய குற்றமில்லை. ஹீட் சிங்க் சரியாக உட்காராமல் இருக்கலாம், அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அங்கே இன்னொரு ஃபேன் வாங்குவது வீண் செலவு. வெளியேறும் காற்றே 20 டிகிரி கூடுதல் என்றால், போதுமான காற்று உள்ளே வரவில்லை என்று பொருள். முன்பக்கத் தூசி வலையைக் கழுவிப் போடுவதிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே வேலையை அதே அரைமணி நேரம் ஓட்டி, அறையின் வெப்பநிலையைக் கழித்துவிட்டே எண்களை ஒப்பிட வேண்டும். காலையில் எடுத்த எண்ணும் மதியம் எடுத்த எண்ணும் அப்படியே ஒப்பிடத் தகுந்தவை அல்ல.

வேலை முடிந்ததும் பிளக்கை உருவிவிட்டு, ஒட்டிய நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, எழுதி வைத்த எண்ணிக்கையோடு சரிபார்க்க வேண்டும். ஒன்று குறைந்தால் கிராஃபிக்ஸ் கார்டின் ஃபேன்களுக்கு உள்ளேயும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வலைக்கு அருகேயும் டார்ச் அடித்துத் தேட வேண்டும். கைக்கு எட்டும் ஒவ்வொரு ஃபேனையும் விரலால் ஒரு சுற்று சுற்றி, தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு கதவை மாட்டலாம்.